கீபோர்டுக்குச் சாட்சி கேட்டவர்

கீபோர்டு வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அவர் சாட்சி கேட்டார்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மில் ஆபீஸ்களுக்குப் பிரிண்டரும் கேமராவும் கொடுப்பதுதான் கடையின் பெரிய வியாபாரம். அதை முதலாளி பார்த்துக்கொள்வார். முன்பக்கத்துக் கண்ணாடி அலமாரியும் அதிலிருக்கும் கீபோர்டு, மவுஸ், ஹெட்போன் வகையறாவும் என் ராஜ்யம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சட்டைப்பையில் மூன்று பேனாவோடு வந்து நின்றார்.

"வயர் இல்லாம, எழுத்துக்கு அடியில லைட்டு எரியுற கீபோர்டு வேணும்மா. கேம் ஆடவும் ஆகணும், மனு அடிக்கவும் ஆகணும்."

"பையனுக்கா சார்?"

"எனக்குத்தான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெட்டியை எடுத்து வைத்தேன். இதுதான் இப்போது நன்றாகப் போகிறது, அமுக்கிய நொடியே திரையில் வந்துவிடும், கொஞ்சம்கூட லேட் ஆகாது என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"அட்டையில போட்டிருக்கது பிராது. சாட்சி யாரு?"

"என்ன சார்?"

"லேட் ஆகாதுன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். நீயும் சொல்லுத. நீ அடிச்சுப் பாத்தியா?"

நான் அடித்துப் பார்க்கவில்லை. அந்தக் கடையில் அதுவரை நான் விற்ற எதையுமே அடித்துப் பார்த்ததில்லை. எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவளுக்கு வருகிற கோபம்தான் அது. பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே ஒரு முழு மனுவை அதில் அடித்தார். திரையைத்தான் பார்த்தார், கீயை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. முடித்ததும், "அடுத்த வாரம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மனு டைப் அடிக்கிறவர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கோர்ட்டு வாசலில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துதான் தினமும் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அது தெரிந்த அன்று மனிதர் வெலவெலத்துப் போனார். உள்ளூர்க் கடையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்ததே யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான்.

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

"உங்கப்பா என்ன பண்ணுதாக?"

"பால்கோவா கடையில இருக்காக."

"இந்த விஷயம் வீட்டுல பேசவேண்டாம் தாயி."

பேசவில்லை. ஆனால் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் மண்டை குடையாதா? கீயைப் பார்க்காமலே பறக்க பறக்க அடிக்கிற மனிதருக்கு லைட் எதற்கு? அந்த வயதில் எதற்குக் கேம்? ஆடினால்தான் என்ன, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போனபோது, வேண்டுமென்றே அந்தச் சந்து வழியாக நடந்தேன்.

ஒற்றை ஷட்டர் அறை. மேஜை, அலமாரி, தரை எங்கும் ஃபைல் கட்டு. சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, பக்கத்துத் தோட்டக்காரன் தன் மோட்டாரை உடைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கன நின்னு பாத்தீரு?" என்று இவர் கேட்டார்.

"தென்கிழக்கு வரப்புல."

"வரப்புல நின்னா மோட்டார் ரூம் கதவு தெரியுமா?"

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். "பின்பக்கந்தான் தெரியும்."

"அப்ப பாத்தேன்னு போட மாட்டேன். சத்தம் கேட்டுச்சுன்னா கேட்டுச்சுன்னு போடுதேன். சந்தேகம்னா சந்தேகம்னு போடுதேன். பாக்காததப் பாத்தேன்னு அடிக்க எனக்கு விரல் வராது."

அந்த மனிதர் எழுந்து அடுத்த டைப்பிஸ்ட்டிடம் போய்விட்டார். இவர் ஒன்றும் நடக்காதது மாதிரி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார். இப்படி வேலையை விரட்டிவிட்டால் பிழைப்பு எப்படி ஓடும் என்று எனக்குத்தான் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை தவறாமல் வந்தார். இரண்டாம் வாரம் ப்ளூடூத்தில் ஓடுகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடித்துவிட்டு, சும்மா வைத்துவிட்டு, கால் மணி நேரம் முதலாளியிடம் ஊர்க்கதை பேசினார். திரும்பி வந்து சட்டென்று அமுக்கினார். "பாத்தியா, தூங்கிட்டு எந்திரிக்கும்போது முதல் எழுத்தை முழுங்குது" என்றார். உண்மைதான். குட்டி ரிசீவரைச் செருகி ஓட்டுகிறதில் அந்தக் குறை இல்லை. அதற்கும் அவர் விடவில்லை. கீபோர்டைக் கையில் ஏந்தித் தெருவில் இறங்கி, டீக்கடை தாண்டி அடித்துக்கொண்டே நடந்தார். திரையில் என்ன வருகிறது என்று நான் வாசலில் நின்று கத்தினேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

"அந்த மனுசன் சாமான் வாங்க வாராரா, வழக்கு நடத்த வாராரா?" என்று முதலாளி கேட்டார்.

டொக் டொக் என்று சத்தம் போடுகிற வகை ஒன்று உண்டு. அதில் கை வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "டைப் இன்ஸ்டிடியூட் ஞாபகம் வந்துட்டு" என்றார். இரண்டு நிமிடம் ஆசைதீர அடித்துவிட்டு ஒதுக்கி வைத்தார். வேகமாக அடுத்தடுத்து அமுக்கினால் இரண்டாவது அமுக்கு ஏறவில்லையாம். அதற்கு நேர்மாறான வகை வழவழவென்று இறங்கும். கேம் ஆடுகிற பிள்ளைகள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். இவருடைய விரல்களோ டைப்ரைட்டரில் அடித்து உரமேறியவை. சும்மா வைத்தாலே எழுத்து விழுந்தது.

"இது கேக்காமலே வாக்குமூலம் குடுக்குது. வேண்டாம்."

தமிழ் எழுத்து ஸ்டிக்கரை ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன். ஒரே ஒரு கீயில் ஒட்டச் சொன்னார். கடை விளக்கை அணைக்கச் சொன்னார். ஒட்டிய கீயில் மட்டும் வெளிச்சம் வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "இதை நீ இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஒட்டிக் குடுத்திருப்ப?" என்று கேட்டார். அன்றிலிருந்து கடைக்கு எந்தச் சாமான் வந்தாலும் முதலில் நானே பிரித்து அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, இனியும் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். "சார், நீங்க கீயைப் பாக்குறதே இல்ல. பொறவு எதுக்கு லைட்டு?"

அவர் கீபோர்டை வைத்துவிட்டு டீக்கடைப் பெஞ்சுக்கு நடந்தார். நானும் போனேன்.

"என் மக ஆடுதாம்மா. அவகூட ஆடத்தான்."

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் தன் இஷ்டப்படி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மனு அடித்தார். மகளைக் கடத்திப் போய்விட்டான், மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டான், நகையைப் பிடுங்கிக்கொண்டான் என்று நாலு பக்கம்.

"என் சர்வீஸ்லயே அம்புட்டு நல்லா அமைஞ்ச மனு கிடையாது. எல்லாம் நானாக் கட்டுனது. அவ ஸ்டேஷன்ல நின்னு அதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சா. ஊரே பாக்குது. வாசிச்சு முடிச்சுட்டு, இதுல எதை நீங்க பாத்தீகன்னு கேட்டா. எனக்குப் பதில் இல்ல. அன்னைக்கு விட்டுப்போன பேச்சுத்தான்."

இவருடைய போனை அவள் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் எப்போதாவது பேசுவாள், இவர் பெயர் வந்தால் வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் ஆன்லைனில் கேம் ஆடுகிறாள் என்று தங்கை மகன் மூலமாகத் தெரியவந்தது. அவளுடைய டீமில் ஆள் குறைந்தபோது, வேறொரு பெயரில் இவர் போய் நுழைந்துகொண்டார். ஆடவே தெரியாமல் நுழைந்து, அதற்குப் பிறகு கற்றுக்கொண்டாராம்.

"மத்ததுக எல்லாம் மைக்குல பேசும். நான் வாயைத் திறந்தாக் கண்டுபிடிச்சிருவா. அதனால டைப் அடிச்சுத்தான் பதில் சொல்லுதேன். அதுக எனக்கு ஊமைன்னு பேரு வச்சிருச்சுக." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. "கேப்டன் அவதான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஓடவும் சுடவும் வேண்டும், அந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே டைப் அடித்துப் பேசவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கீபோர்டு. மேஜை முழுக்க ஃபைல் என்பதால் மடியில் வைத்துத்தான் ஆட முடியும், அதற்கு வயர் ஆகாது. கோர்ட்டு ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுவார், உள்ளே இருட்டு. டைப் அடிக்கும்போது இரண்டு கையும் ஓரிடத்திலேயே இருக்கும். கேமில் வலது கை மவுசுக்கும் கீபோர்டுக்குமாக அலைகிறது, திரும்பி வரும்போது இடம் தப்பிவிடுகிறது. லைட் அதற்குத்தான்.

"போன வாரம் பழைய கீபோர்டு சிக்கிக்கிடுச்சு. நான் பதில் சொல்லுததுக்குள்ள ரெண்டு பேரு செத்துட்டானுக. ஊமை, இப்பிடியே லேட் பண்ணுனா நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன்னு சொல்லிட்டா. அவ என்னை டீம்ல இருந்து எடுத்துட்டான்னா பொறவு அந்தக் குரலைக் கேக்க எனக்கு வேற வழி இல்லம்மா."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்தப் பெண் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். "இது ஏமாத்து இல்லியா சார்?" என்று கேட்டேன்.

"ஏமாத்துதான்" என்றார். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். அதற்குமேல் அவர் ஒரு சாக்கும் சொல்லாததால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போய்விட்டது.

கடைசியில் சத்தம் போடாத, அமுக்கும்போது விரலுக்கு ஒரு சின்னத் தட்டல் மட்டும் தெரிகிற வகையை எடுத்தார். நாலு கீயைச் சேர்த்து அமுக்கினாலும் நாலும் ஏறியது. லைட்டை எரியவிட்டு ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்து, குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் சார்ஜ் போதும் என்று தீர்ப்பும் சொன்னார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இரண்டே வாரம்தான், சனிக்கிழமை காலையில் போன் வந்துவிட்டது.

"ஏம்மா, ஆட்டத்துக்கு நடுவுல என் ஆளு நின்னுபோறான். எந்தக் கீயை அமுத்துனாலும் நகர மாட்டேங்கான். எல்லா ஆட்டத்துலயும் இல்ல, சிலதுல மட்டும். நாளைக்கும் அப்பிடி நின்னா என்னை எடுத்துருவா."

மறுநாள் மூன்றரை மணிக்கு அந்தச் சந்துக்குப் போனேன். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். அவருக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. ரிசீவர் லேப்டாப்பின் பின்பக்கம், ஹார்ட் டிஸ்க் ஒயருக்கு ஒட்டினாற்போல் இருந்தது. அதுதான் சிக்னலைக் கெடுக்கிறது என்று நினைத்து, ஒரு சின்ன ஒயர் போட்டு முன்னால் இழுத்து வைத்தேன். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஹெட்போனைப் பிடுங்கச் சொன்னேன். நாலு மணிக்கு அந்த அறையில் அவருடைய மகளின் குரல் கேட்டது.

"ஊமை வந்தாச்சா?"

"vanthachu" என்று ஆங்கில எழுத்தில் அடித்தார். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். அவர் முகத்தை நான் பார்த்தேன். மனுவுக்கு ஆள் வரும்போது இருக்கிற முகமே இல்லை.

முதல் ஆட்டம் நன்றாகவே போனது. ரிசீவர்தான் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன். அடுத்த ஆட்டம் தொடங்க மூன்று நிமிடம் இருந்தது. அந்த இடைவெளியில் இந்த மனிதர் கேமைச் சின்னதாக்கிவிட்டு, பின்னால் திறந்துவைத்திருந்த ஒரு மனுவை அடிக்க ஆரம்பித்தார். பிளவக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவாராம், அதற்குள் முடிக்க வேண்டுமாம். அரைப் பக்கம் பறந்தது. "ஸ்டார்ட் ஆகுது" என்று மகள் கத்தினாள். அவசரமாகக் கேமுக்குத் தாவினார்.

ஆள் நகரவில்லை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மனுவுக்காகக் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றினவர் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றவில்லை. தமிழில் இருந்தால் அந்தக் கேமுக்கு அவர் அமுக்குவது எதுவும் விளங்காது. இத்தனை நாளும் நின்றுபோனது இதனால்தான். முப்பது வருடமாக மனு அடிக்கிற ஒருவரைத் தவிர வேறு எவருக்கும் இந்தக் கோளாறு வந்திருக்காது.

"ஊமை, நகரு! ஏன் அங்கனயே நிக்க? ஆள் வாராங்க!"

"சார், தமிழ்ல இருக்கு, மாத்துங்க" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அவர் பதறிப்போய்ப் பேச்சுப் பெட்டியைத் திறந்துவிட்டார். விரல்கள் தானாக ஓடின. திரையில் முழுத் தமிழில், மனு நடையில், முற்றுப்புள்ளியோடு விழுந்தது.

"என்னால் நகர இயலவில்லை. எனக்காக நிற்க வேண்டாம். நீ பத்திரமாகப் போ."

டீமில் இருந்த ஒரு பையன் சிரித்தான். "டேய், ஊமை லெட்டர் எழுதுதான்டா."

மகள் சிரிக்கவில்லை. அவளுடைய ஆள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. திரும்பி வந்து இவருடைய ஆளுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு பேரும் சேர்ந்து சுடப்பட்டு விழுந்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போங்கடா. நான் பொறவு கூப்பிடுறேன்" என்றாள். இரண்டு பெயர்கள் திரையிலிருந்து மறைந்தன. இவருடைய பெயரும் அவளுடைய பெயரும் மட்டும் இருந்தன.

"மைக்கைப் போடுங்க."

அவர் மைக் இல்லை என்று அடிக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளரின் கையை நான் பிடித்தது அந்த ஒரு தடவைதான். தப்பித் தவறிக்கூடச் சத்தம் போய்விடக் கூடாது என்று லேப்டாப்பின் மைக் துளை மேல் புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டிவைத்திருந்தார். அதை உரித்தார். மைக்கை நான் ஆன் செய்துவிட்டேன்.

அவர் வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. அந்தப் பக்கம் அவள் பொறுத்திருந்தாள். மின்விசிறிச் சத்தம் எங்களுக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அந்த மனு பொய்ம்மா" என்றார். "நாலு பக்கமும் பொய். நான் ஒண்ணையும் பாக்கல."

அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரையில் அவள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாலு மணிக்குத்தான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "லேட்டா வராதீங்க."

அவர் தலையை ஆட்டினார். அது அவளுக்குத் தெரியாது. சொல்லுங்க சார், சொல்லுங்க என்று நான் சைகை காட்டினேன், நானும் அழுதுகொண்டிருந்தேன். மைக் திறந்தே இருந்தும் அவருக்குக் குரல் வரவில்லை. கீபோர்டை மடிக்கு இழுத்து, சரி என்று அடித்தார்.